மேளத்தை வீட்டில் வைத்துவிட்டு: ஆவணி மூலத்தில் ஒரு மதுரைப் பயணம்

ஆவணி மூலத் திருவிழா என்றதும் மதுரை மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிட்டுக்கு மண் சுமந்த லீலைதான். அன்று புட்டுத்தோப்பில் கூடும் கூட்டத்தையும், திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் மதுரைக்கு எழுந்தருளும் அழகையும் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் மதுரைக்குப் புறப்படுவது அதே திருவிழாவில் வரும் மற்றொரு லீலைக்காக. விறகு விற்ற லீலை என்பது அதன் பெயர். சோழவந்தான் பக்கத்தில், வைகைக் கரையோரம், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் நாகசுரமும் தவிலும் எங்களுக்குத் தலைமுறைத் தொழில். அப்பா நாகசுரம் வாசிக்கிறார், சித்தப்பா தவில், தம்பி தாளம். நான் மதுரை அரசு இசைக் கல்லூரியில் நாகசுரம் பயின்றுகொண்டே, விடுமுறை நாள்களில் அப்பாவுக்கு இணையாக நின்று வாசிக்கிறேன். வாத்தியங்களை உறைக்குள் வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு, கேட்பதற்கென்றே ஒரு கோயிலுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து போகும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான்.

மேளக்காரர்களுக்குக் கோயிலில் என்ன குறை என்று கேட்கலாம். நாள்தோறும் கோயிலிலேயே இருக்கிறோம் என்பது உண்மை. ஆனால் சுவாமியைப் பார்க்கிறோமா என்றால் அது வேறு கேள்வி. புறப்பாட்டில் மேளம் முன்னே நடக்கிறது, சுவாமி பின்னே வருகிறார். நடை நின்ற இடத்தில் திரும்பி நின்று வாசிக்கலாம் என்றாலும், அந்த நேரத்தில் கண் அப்பாவின் விரல் மேலும் காது தவிலின் மேலும்தான் இருக்கும். தீபாராதனை முடிந்து கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, அடுத்து எந்த ராகத்தை எடுப்பது என்று அப்பா கண்ணாலேயே கேட்பார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சுவாமிகளை நாங்கள் வீதிவலம் அழைத்துப் போயிருக்கிறோம். அன்று என்ன அலங்காரம் என்று அம்மா கேட்டால் எனக்குப் பெரும்பாலும் பதில் தெரிந்ததில்லை.

அந்த ஊர்களுக்குப் போகும் பயணங்களில்தான் என் பள்ளிப் பருவம் கழிந்தது. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று வேன் இரவிலேயே ஓடும். தவிலை மடியில் அணைத்தபடி சித்தப்பா உறங்குவார். பூவரசங்கழியும், விரல்களில் மாட்டும் கூடுகள் நிறைந்த தகர டப்பாவும் அவர் காலடியில் இருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை விடியற்காலையில் ஏதேனும் ஒரு கோயில் மண்டபத்தில் பிரித்து உண்போம். கல்யாண வீட்டு வாசல் குளிரில் நாகசுரத்தின் வாய்முனையில் செருகி ஊதும் சீவாளி இறுகிப்போய் சுருதிக்கு வராமல் அடம் பிடிக்கும். அதை வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டே அப்பா, இன்னும் யாரும் எழுந்திராத தெருவில் மெதுவாக நடந்துகொண்டிருப்பார். ஆடியில் கல்யாணங்கள் இல்லை, அம்மன் கோயில்கள் உண்டு. ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் மீண்டும் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு நாளுக்கு முன்பணம் வாங்காமல் வைத்திருப்பது எங்கள் தொழிலில் சிறிய காரியமன்று. விறகு விற்ற லீலை நாளில் மட்டும் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து கேட்டாலும் தாத்தா ஒப்புக்கொண்டதில்லை. அப்பாவும் அதை மாற்றவில்லை.

புறப்படும் அன்று முதலில் திருவேடகத்தில் இறங்குவோம். ஞானசம்பந்தர் இட்ட ஏடு வைகையின் வெள்ளத்தை எதிர்த்து வந்து நின்ற தலம் அது. ஏடகநாதரை வணங்கிவிட்டு மதுரை பேருந்தைப் பிடித்தால், மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குப் பக்கம், அஷ்டசக்தி மண்டபத்து வாசலில் நிற்கும்போது வெயில் ஏறியிருக்கும். முதலில் அம்மன், பிறகு சுவாமி என்பது இக்கோயிலின் முறை. பொற்றாமரைக் குளத்தின் படியில் சற்று உட்கார்ந்து, அம்மனைத் தரிசித்து, முக்குறுணி விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுவாமி சந்நிதிக்கு நடப்போம்.

வெள்ளியம்பலத்தை மட்டும் சித்தப்பா அவ்வளவு எளிதில் கடந்து வரமாட்டார். தில்லையில் இடது பாதம் தூக்கி ஆடும் நடராசர் இங்கே வலது பாதம் தூக்கி ஆடுகிறார். அறுபத்து நான்கு கலைகளில் நடனம் ஒன்றையும் கற்கத் தொடங்கிய இராசசேகர பாண்டியன், தன் உடல் பட்ட வலியை உணர்ந்து, ஒரே காலில் நின்று ஆடும் பெருமான் எவ்வளவு வருந்துவாரோ என்று கலங்கி, கால் மாறி ஆடும்படி வேண்டினான் என்பது திருவிளையாடல். தவிலின் வாரை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பவர் சித்தப்பா. அந்தத் தோளில் காய்த்துப்போன தழும்பு உண்டு. கலையைப் பயின்றவனுக்குத்தான் கலைஞனின் வலி தெரியும் என்பதை ஒரு அரசன் தன் உடம்பால் அறிந்துகொண்டான் என்று அவர் அங்கு நின்று எங்களுக்குச் சொல்லும்போது, அது அவருடைய சொந்தப் பிரார்த்தனையாகவே எனக்குத் தோன்றும்.

இனி விறகு விற்ற கதை. வரகுண பாண்டியன் காலத்தில் வடக்கேயிருந்து ஏமநாதன் என்ற பெரும் இசைவாணன் மதுரைக்கு வந்து, தன்னை வெல்ல ஆள் உண்டா என்று கேட்டான். அரசன், கோயிலில் யாழிசைத்துப் பாடிவந்த பாணபத்திரரை மறுநாள் அவனோடு பாடும்படி பணித்தான். ஏமநாதனின் சீடர்களே நகரெங்கும் பாடித் திரிவதைக் கேட்டுக் கலங்கிய பத்திரர், சொக்கநாதரிடம் சென்று முறையிட்டார். அன்று மாலை, கிழிந்த ஆடையும் தலையில் விறகுச் சுமையுமாக ஒரு முதியவர் ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து சாதாரி என்ற பழந்தமிழ்ப் பண்ணில் பாடினார். உயிர்கள் எல்லாம் அசைவற்று நின்ற அந்த இசையைக் கேட்டு வெளியே வந்த ஏமநாதன், நீ யார் என்று கேட்டான். பாணபத்திரரிடம் இசை கற்கப் போனேன், முதியவன் என்று தள்ளிவிட்டார், அதனால் விறகு விற்றுப் பிழைக்கிறேன் என்றார் அவர். தள்ளப்பட்ட மாணவனே இப்படிப் பாடினால் ஆசிரியர் எப்படிப் பாடுவார் என்று அஞ்சிய ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டே போய்விட்டான்.

இந்தக் கதையைச் சிறு வயதில் கேட்டபோது ஏமநாதன் ஓடிய இடம்தான் எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு வேறோர் இடத்தில் மனம் நின்றுவிட்டது. பெருமான் பத்திரருக்கு உதவ விரும்பினால் அவருக்கு ஆசானாக வந்திருக்கலாம். அரசவைக்குப் பெரும் புலவராக வந்து ஏமநாதனை வென்றிருக்கலாம். ஆனால் அவர் தம் அடியவருடைய மாணவர் என்று, அதிலும் தேறாத மாணவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். இசை தொடர்பான எந்த உயர்ந்த இடத்தையும் எடுத்துக்கொள்ளாமல், பயிற்சி அறையின் கடைசி வரிசையில் இருப்பவனுடைய இடத்தை அவர் எடுத்துக்கொண்டார். இசை மாணவர்கள் வணங்கத் தனியாக ஒரு கோலம் வேண்டுமென்றால், அதற்கு இதைவிடப் பொருத்தமானதை என்னால் நினைக்க முடியவில்லை.

சாதாரிப் பண்ணை ஓதுவார்கள் இன்று பந்துவராளி ராகத்தில் பாடுகிறார்கள். ஏழு துளைகளை வைத்துக்கொண்டு, துளையை விரலால் பாதி மூடியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் அந்த ராகத்தின் ரிஷப, தைவத சுரங்களைச் சரியான இடத்தில் நிறுத்துவது நாகசுர மாணவர்களுக்குக் கடினமான பயிற்சி. அதனால் கல்லூரியில் இந்த ராகம் நடத்தப்பட்ட நாள்களில் விறகுக் கட்டோடு ஒரு முதியவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு சாதகம் செய்தேன்.

பாணபத்திரர் கதை அதோடு முடிவதில்லை. திருவிளையாடலில் அவருக்கும் அவர் மனைவிக்கும் உரியவையாக அடுத்தடுத்து நான்கு படலங்கள் வருகின்றன. விறகு விற்றது முதலாவது. வறுமையில் வாடிய பத்திரருக்குப் பொருள் கொடுக்கும்படி சேரமான் பெருமாளுக்கு இறைவனே ஓலை எழுதிக் கொடுத்தது இரண்டாவது. மூன்றாவதான பலகை இட்ட படலம்தான் அப்பாவுக்கு உயிர். நள்ளிரவில் கோயிலில் நின்று பாடுவது பத்திரரின் வழக்கம். ஒரு நாள் பெருமழை பெய்து சேறும் நீரும் காலைச் சூழ்ந்தபோதும் அவர் நகரவில்லை. நிற்பதற்குப் பொற்பலகை ஒன்றை இறைவன் அருளினார். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் ஒரு வைகாசி இரவு கோடை மழை பிடித்துக்கொண்டது. தோல் நனைந்தால் தவில் பேசாது என்பதால் சித்தப்பா அதைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டார். அம்மன் வீதியில் இருக்கும்போது இசை நிற்கக் கூடாது என்று அப்பாவும் நானும் கணுக்கால் சேற்றில் நின்று, தம்பியின் தாளத்தை மட்டும் துணையாகக் கொண்டு மழை விடும்வரை வாசித்தோம். அப்போது யாரோ ஒரு பாட்டி தன் வீட்டுத் திண்ணையிலிருந்து மணைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். அப்பா வாசிப்பை நிறுத்தாமலே அந்தப் பாட்டியை நோக்கித் தலை வணங்கினார். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான்காவது படலம் அப்பத்தாவுக்குச் சொந்தம். ஈழத்திலிருந்து வந்த பாடினி ஒருத்தியோடு பத்திரரின் மனைவி இசைவாது செய்து சொக்கநாதர் திருமுன் வென்ற கதை அது. பெண் பிள்ளைக்கு எதற்கு நாகசுரம், மூச்சு தாங்குமா என்று உறவினர்கள் கேட்டபோதெல்லாம் அப்பத்தா இந்தப் படலத்தைத்தான் எடுத்து வைத்தார். போதாததற்கு, இதே மதுரையில் நாகசுரத்தை ஏந்தி மேடையேறிப் பெயர் பெற்ற பொன்னுத்தாய் அம்மாளைத் தாம் நேரில் கேட்டிருப்பதாகவும் சொல்வார். நான் கல்லூரிக்குப் போகிறேன் என்றால் அதில் பாதி அப்பத்தாவின் வாதத்திறமை.

ஓர் ஆண்டு, மாலையில் விறகு விற்ற திருக்கோலத்தில் சுவாமி எழுந்தருளும்போது நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். மல்லாரி முழங்கிற்று. கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்து, சொற்களே இல்லாமல், காலப்பிரமாணம் மாறி மாறி ஏறும் அந்த உருப்படியை எத்தனையோ புறப்பாடுகளில் நானே வாசித்திருக்கிறேன். ஆனால் வீதியின் ஓரத்தில் நின்று, மேளம் என்னைக் கடந்து போன பிறகு, அதன் பின்னே சுவாமி வருவதை அன்றுதான் அமைதியாகப் பார்த்தேன். மல்லாரி முதலில் வந்து கூட்டத்தின் பேச்சை அடக்குகிறது. கைகள் தாமாகக் குவிகின்றன. அதன் பிறகே திருமேனி கண்ணில் படுகிறது. நாங்கள் முன்னே நடப்பது எதற்காக என்பது வாசிக்கும் இடத்திலிருந்து எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பத்தா அழுதுகொண்டிருந்தார். அலங்காரத்தை நன்றாகப் பார்த்துக்கொள், ஊருக்குப் போனதும் அம்மா கேட்பாள் என்று அப்பா சொன்னார். வயலில் நடவு இருந்ததால் அம்மா அன்று வந்திருக்கவில்லை.

இவ்விழாவைக் காண விரும்புவோர் கோயிலின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொள்வது நல்லது. ஆவணி மூலம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அமையும். சுவாமி உலா வரும் ஆவணி மூல வீதிகள் குறுகலானவை என்பதால் முதியோரை முன்னதாகவே அழைத்துச் சென்று நல்ல இடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். மேளத்துக்கு நேர் எதிரே நெருங்கி நிற்க வேண்டாம். நாகசுரம் திறந்த வெளிக்காக உருவான வாத்தியம். சிறிது தள்ளி, வீதி திரும்பும் முனையில் நின்றால் அதன் நாதம் முழுமையாக வந்து சேரும், வாசிப்பவர்களுக்கும் நடக்க வழி கிடைக்கும்.