அவிடே வெளிச்சம் இல்லல்லோ

"ட்யூப் லைட் போட்டுக்கலாம் சேச்சி" என்று சொன்னேன். சொன்ன வார்த்தையை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் போகப்போக எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

ஆலப்புழையில் கமர்ஷியல் கால்வாயோரம் ஒரு கயிற்றுக் கிடங்கு. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற இந்த மாதிரி வேலை எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன, வருஷக்கணக்கில் பூட்டு, பாதிக் கூரை உள்ளே, ஆளுக்கொரு யோசனை. எங்கள் திட்டத்தில் ஒரு கஃபே, கண்காட்சிக்கூடம், வார்டு கூட்டத்துக்கு ஹால், அப்புறம் அங்கே முன்பு வேலை பார்த்த பெண்கள் கயிறு தரம் பிரித்து மிதியடி நெய்ய ஓர் அறை. முதல் டிராயிங்கில் அந்த அறை கால்வாயைப் பார்த்து இருந்தது. மூன்றாவதில் பின்பக்கம் போய்விட்டது. போய்விட்டது என்ன, நான்தான் நகர்த்தினேன்.

அந்தப் பெண்களில் ஒருவரான சேச்சி தாளை வாங்கி, கால்வாய் தன் பக்கம் வரும்படி திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். "சாரே, அவிடே வெளிச்சம் இல்லல்லோ." சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குத்தான் அந்தப் பதில்.

இப்போதும் என் கணக்கு தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அறையின் அளவு ஒரு அடிகூடக் குறையவில்லை. மங்களூர் ஓடு மாற்றி, அழுகிய கைமரம் மாற்றி, உப்பேறிய சுவரில் யாரோ பூசிவைத்த சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசினால் ஆகிற காசை, கால்வாய்ப் பக்கத்து வாடகைதான் திருப்பித் தரும். 2021இல் 'லோகமே தறவாடு' கலைக் கண்காட்சி இங்கே பழைய கயிற்றுக் கிடங்குகளில் நடந்ததிலிருந்து, கிடங்கு என்றாலே கமிட்டிக்காரர்களுக்கு வெள்ளைச் சுவரும் காபியும்தான் ஞாபகம். அவர்களில் ஒருவர் கேட்டார், கொச்சித் துறைமுகம் வந்து கப்பல் போச்சு, லாரி வந்து வள்ளமும் போச்சு, நெய்கிறவர்களுக்குத் தண்ணீர்ப் பக்கம் எதற்கு? நியாயமாகத்தான் பட்டது, தலையாட்டினேன்.

எதற்கு என்று நான் நாலு மாதம் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதுதான் விஷயம். கயிற்று நூலுக்கு ஊர்ப்பெயர்தான் தரத்தின் பெயர்: அஞ்செங்கோ, ஆலப்பாட், வைக்கம். தேங்காய் மட்டை காயலில் ஊறிய விதத்தில் நிறம் மாறும். சேச்சி இரண்டு நூல் கழியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கக் கதவுக்குப் போவார், விரலில் லேசாக முறுக்கைப் பிரித்துப் பகல் வெளிச்சத்தில் திருப்புவார், ஒன்றை இடது பக்கம் போடுவார். எனக்கு இரண்டும் ஒரே பழுப்புதான்.

அந்தக் கதவே வள்ளத்திலிருந்து சரக்கு இறக்க வைத்தது. படிக்கல்லின் விளிம்பில் கயிறு உரசி உரசி, சுண்டுவிரல் படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்கு என் அறிக்கையில் ஒரு முழுப் பக்கம், நாலு போட்டோ. 'இந்தக் கட்டடத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது' என்று எழுதியதும் நானேதான். இப்போது பள்ளத்தின் மேல் கண்ணாடி போட்டு, பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் மேசை போட்டிருக்கிறோம்.

சேச்சி சண்டை போட்டிருந்தால் மாற்றியிருப்பேனோ? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. கையில் இருக்கிற அடுத்த வேலையிலும் கஃபேயை முன்பக்கம்தான் வரைந்திருக்கிறேன்.

போன மாதம் போயிருந்தேன். அறையில் ஆறு ட்யூப் லைட். வெளிச்சத்தை லக்ஸ் மீட்டரில் அளந்தேன், 500க்கு மேல் காட்டியது (அதை ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதீர்கள்). மூன்று பேர் தறியில் இருந்தார்கள். சேச்சியைக் காணோம். அவர் கஃபேக்குள், மேசைகளுக்கு நடுவே, கதவோரம் நின்று கழியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ட்ரே எடுத்துப்போன பையன் பழகினவன் மாதிரி அவரைச் சுற்றிக்கொண்டு போனான்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "சாயா குடிச்சோ சாரே?"

இல்லை என்றேன். குடித்திருந்தேன், அந்த இரண்டு பேர் மேசையில்.