காலிப் பெட்டியும் மேற்குக் காற்றும்: மே மாத நாட்குறிப்பு

மே 12

கத்திரி வெயில் தன் வேலையைக் காட்டுகிறது. மதியம் இரண்டு மணி ஆகியும் கடற்காற்று மணலி புதுநகர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேற்குக் காற்றுதான், அதுவும் மண்ணை வாரிக்கொண்டு. யார்டுக்குள் நடந்தால் பெட்டிகளின் தகரம் விடும் அனல் முகத்தில் அறைகிறது.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு: நான் சூப்பர்வைசராக இருப்பது காலி கன்டெய்னர் யார்டில். சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த ஏற்றுமதிக்காரர் கேட்கும்வரை சும்மா கிடக்கும் பெட்டிகள். இப்போது வரவு அதிகம், எடுப்பு குறைவு. மேற்கு ஓர வரிசைகள் ஆறடுக்குக்குப் போய்விட்டன. நாற்பதடிப் பெட்டி ஒன்று காலியாகவே நாலு டன்னுக்குச் சற்றுக் கீழே இருக்கும், அதனால் பார்க்கிறவர்களுக்கு அது அசையவே அசையாது என்று தோன்றும். ஆறடுக்கு என்றால் பதினைந்து மீட்டருக்கு மேல் உயரம். காற்றுக்கு அது சுவர் அல்ல, விரித்துக் கட்டிய பாய்.

மாலை நாலரைக்கு வழக்கமான குறுஞ்செய்தி: அடுத்த மூன்று மணி நேரத்தில் திருவள்ளூர், சென்னை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, பலத்த காற்று. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் டாப் லிஃப்டர் மெஷினை ஓட்டும் தம்பி படித்துவிட்டு, "இது டெய்லி வர்றதுதாண்ணே" என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மழை வரவில்லை.

மே 13

அதே செய்தி, அதே ஏமாற்றம். மேகம் செங்குன்றம் வரை வந்து, புழல் ஏரிக்கு மேல் நின்று மின்னிவிட்டுப் போனது. கரண்ட் மட்டும் தவறாமல் போனது.

மே 15

அக்கா மகன் காலையில் கூப்பிட்டான். டேங்கர் கப்பலில் மாலுமி. அமெரிக்காவின் ஹூஸ்டன் கப்பல் கால்வாயில் கப்பலைக் கரையோடு கட்டியிருக்கிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டரை.

"மாமா, இங்க டொர்னாடோ வாட்ச் போட்டுட்டான். எக்ஸ்ட்ரா கயிறு போட்டுக் கட்டியாச்சு. மின்னல் கிட்ட வந்தா லோடிங்க நிறுத்தணும், வால்வாண்ட ஆள் நிக்குது."

"வந்துடுச்சா?"

"வரல. வரலாம், ரெடியா இருன்னு சொல்றதுதான் வாட்ச். வந்துட்டா வார்னிங். அது வந்தா போனே கத்தும். அம்மாகிட்ட சொல்லாத மாமா."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாடா, பொயலா அங்க? கப்பல வுட்டு எறங்கிக் கரையில எங்கனா போய் உக்காருடா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் புயல் வேறு, மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்றான இந்த டொர்னாடோ வேறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவளிடம் காற்றைப் பற்றி அவன் பாடம் எடுத்தால் எடுபடுமா? கடைசியில், "சரிம்மா, எறங்கிடறேன்" என்று பொய் சொல்லி வைத்தான். கப்பலை விட்டு அப்படியெல்லாம் இறங்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

மதியம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. இடி மழை மட்டும்தானாம். டொர்னாடோ அந்தப் பக்கமே வரவில்லை.

மே 16

அவன் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் இந்த 'வாட்ச்' எல்லாம் ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரத்திலுள்ள ஒரே மையத்திலிருந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். சராசரியாக 65,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, அதாவது தமிழ்நாட்டில் பாதி அளவுக்கு, ஆறேழு மணி நேரத்துக்குப் போடுகிறார்கள். அதற்குள் இருக்கும் முக்கால்வாசி ஊர்களில் ஒன்றும் நடக்காது. ஆனாலும் யாரும் 'புருடா விட்டான்' என்பதில்லை. காரணம், இரண்டாவது எச்சரிக்கை மணி ஒன்று தனியாக இருக்கிறது. ராடாரில் சுழற்சி தெரிந்தாலோ, யாராவது கண்ணால் பார்த்தாலோ, உள்ளூர் வானிலை அலுவலகம் 'வார்னிங்' போடும். அது சில ஊர்களுக்கு மட்டும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கணக்கு. அதுதான் போனைக் கத்தவைப்பது. முதல் செய்திக்கு ஆயத்தமாக வேண்டும், இரண்டாவதுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இடிமழையையும் இதே இரண்டு கட்டத்தில்தான் நடத்துகிறார்கள். காற்று மணிக்கு 93 கிலோமீட்டரைத் தொட வேண்டும், அல்லது ஒரு அங்குல ஆலங்கட்டி விழ வேண்டும். அப்போதுதான் அது 'கடும்' இடிமழை.

டொர்னாடோ இல்லாமலே இடிமழை என்ன செய்யும் என்பதற்கு அதே ஹூஸ்டன்தான் சாட்சி. 2024 மே 16 அன்று நேர்க்கோட்டில் வந்த காற்று நகரத்தின் நடுவே இருக்கும் உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைப் பெயர்த்துத் தெருவில் கொட்டியது. மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. ஏறக்குறைய பத்து லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? புயலுக்கென்றால் எல்லாம் இருக்கிறது. துறைமுகத்தில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எச்சரிக்கைக் கூண்டு. எத்தனையாம் நம்பர் ஏற்றியிருக்கிறார்கள் என்று தண்டையார்பேட்டையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தது என்றால், அதற்கு முன்பே நாங்கள் பெட்டிகளை இறக்கிப் படிக்கட்டு மாதிரி அடுக்கிவிட்டோம். புயல் சொல்லிவிட்டு வரும், கிழக்கிலிருந்து வரும். மே மாத இடிமழையோ முதுகுக்குப் பின்னாலிருந்து, மேற்கிலிருந்து வருகிறது. அதற்குப் பேர் கிடையாது. கோடை இடிமழைக்குக் கூண்டு ஏற்றி நான் பார்த்ததும் இல்லை.

மே 19

கை இன்னும் நடுங்குகிறது. ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

கடற்காற்று இன்று பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அவ்வளவாக இல்லை. ஈரமான கடற்காற்று உள்ளே போய் மேற்கின் வறண்ட காற்றோடு முட்டும் இடத்தில்தான் மேகம் எழும்பும். நாலு மணிக்கு ராடார் படத்தைத் திறந்தேன். துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் ஒரு வெள்ளை உருண்டை இருக்கிறதே, 2002இல் நிறுவிய டாப்ளர் ராடார், அதன் படம்தான் வானிலைத் துறையின் தளத்தில் வரும். திருத்தணிக்கு அந்தப் பக்கம் சிவப்பாக ஒரு கட்டி. அடுத்த படத்தில் பெரிதாகி இருந்தது. ஐந்து மணிக்குத் திருவள்ளூருக்கு மேல்.

குறுஞ்செய்தி வந்தது. முந்தாநாள் வந்த அதே வாசகம்.

தம்பியைக் கூப்பிட்டு மேற்கு ஓரத்து ஆறாவது அடுக்கை இறக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். பத்துப் பன்னிரண்டு பெட்டிகளை இறக்கியிருப்பான், அதற்குள் மேற்கே இருட்டிவிட்டது. சூரியன் மேகத்துக்குள் போனது. கடற்காற்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. மாதவரம் பக்கம் அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட விளிம்பு, தரையோடு தரையாக உருண்டு வருகிற மாதிரி. "மாஸ்ட்டை இறக்கு, மெஷினை விட்டு வா" என்று வாக்கி-டாக்கியில் கத்தினேன். டிரைவர்கள், கேட்டில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோரையும் ஆபீஸ் கட்டடத்துக்குள் தள்ளினோம்.

முதலில் வந்தது குளிர். மழை இல்லை, வெறும் குளிர், மண் வாசனையோடு. மேகத்துக்குள்ளிருந்து விழுகிற மழை வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிரவைத்துக் கனமாக்கி, கீழே போட்டுவிடும். தரையில் மோதிய காற்றுக்கு வேறு வழியில்லை, பக்கவாட்டில் பாயும். அந்தக் குளிர் முகத்தில் பட்ட பிறகு கையில் இருந்தது ஒரு நிமிடம்கூட இல்லை.

பிறகு புழுதி. எதிர் வரிசை மறைந்துவிட்டது. சத்தம்தான் கேட்டது, தகரமும் தகரமும் உரசும் சத்தம். ஜன்னல் வழியாகப் பக்கத்து வரிசையின் உச்சிப் பெட்டி மட்டும் தெரிந்தது. அதன் மேற்கு மூலை ஒரு சாண் எழுந்தது, உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. இந்த முறை உட்காரவில்லை. மூலையில் இருக்கும் இரும்புக் கட்டி, கார்னர் காஸ்டிங், நழுவி, பெட்டி மெதுவாகத்தான், நம்ப முடியாத அளவுக்கு மெதுவாகத்தான், திரும்பியது. அப்புறம் நடைபாதையில் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. தரை அதிர்ந்ததில் மேசையில் இருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது.

மழை அதற்கப்புறம்தான் வந்தது. கால் மணி நேரம் கொட்டியது. பெட்டி விழுந்த அந்த நடைபாதையில்தான் சாயங்காலம் லாரிக்காரர்கள் துண்டை விரித்துப் படுப்பார்கள்.

ஒருவருக்கும் அடி இல்லை.

மே 20

காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. 'மணலியில் டொர்னாடோ!' என்று. கருப்பாகப் புனல் மாதிரி ஒன்று வயல்வெளியில் சுற்றுகிறது. மணலியில் எங்கே அந்த மாதிரி வயல்? டீக்கடையில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

நான் யார்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். விழுந்த இரண்டு பெட்டிகளும் கிழக்கே. பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் கூரைத் தகடுகள் கிழக்கே. சாலையோர வேப்பமரம் கிழக்கே. பெயர்ப் பலகையும் கிழக்கே. சுழல்காற்றாக இருந்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி நாலா பக்கமும் கிடந்திருக்கும். இது ஒரே திசையில் பாய்ந்த காற்று.

டொர்னாடோவுக்கு ஈரமும் வெப்பமும் மட்டும் போதாது. தரையில் ஒரு திசை, மேலே போகப் போக வேறு திசை, வேறு வேகம் என்று காற்று மாற வேண்டும். அப்போதுதான் மேகமே சுழலத் தொடங்கும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரம், மேற்கிலிருந்து வறண்ட காற்று, உச்சியில் விரைகிற காற்றோட்டம் என்று மூன்றும் அமெரிக்காவில் ஒன்றாகச் சேர்கின்றன. நமக்கு மே மாதத்தில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை, அந்த மூன்றாவதுதான் அபூர்வம். அதற்காக இந்தப் பக்கமே வராது என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் மைனாகுரியில் அடித்தது. வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வந்தது சுமார் 1,300 பேரைக் கொண்டுபோனது.

டீக்கடையில் இதைச் சொன்னேன். "அப்ப அது டொர்னாடோ இல்லங்கறியா?" என்று கேட்டவர் முகத்தில் ஏமாற்றம். பேர் பெரிதாக இருந்தால்தான் சேதத்துக்கு மரியாதை போலிருக்கிறது.

மே 21

காசிமேட்டில் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பெயின்ட் வாசனை, வெல்டிங் வெளிச்சம். ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் போய் வருகிறார்கள். 19ஆம் தேதி மேற்கே கருப்பதைப் பார்த்துவிட்டு வலையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

"பொயலு கரைக்குத் தள்ளும்டா, இது கடலுக்குள்ள தள்ளும். இன்ஜின் நின்னுச்சுன்னா அவ்ளோதான். எதிர்க்காத்துல துடுப்பு வலிச்சிக் கரைக்கு வர முடியுமா?" என்றார் மாமா. யார்டுக் கணக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை.

மே 24

முதலாளியோடு கூட்டம். முதலில் பெட்டி ரிப்பேருக்கு யார் காசு கொடுப்பது என்றுதான் பேச்சு. அது ஒரு மணி நேரம் ஓடியது. எழுதத் தேவையில்லை.

பிறகு என் காகிதத்தை எடுத்தேன். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று ஒரு நாற்பதடிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு டன்னுக்கு மேல் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. கட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் உச்சிப் பெட்டி நழுவ அது போதும். அதனால் இரண்டு கட்டமாக வைத்துக்கொள்வோம் என்றேன். வானிலைத் துறை திருவள்ளூருக்கு ஆரஞ்சு நிற எச்சரிக்கை போட்டாலோ, ராடாரில் திருத்தணிப் பக்கம் சிவப்பு எழும்பினாலோ முதல் கட்டம்: நாலடுக்குக்கு மேல் அடுக்குவதில்லை, ஓரத்து உச்சிப் பெட்டிகளை இறக்கத் தொடங்குவது, நடைபாதையில் யாரும் படுப்பதில்லை. சிவப்பு செங்குன்றத்தைத் தொட்டால் இரண்டாம் கட்டம்: மெஷின் நிறுத்தம், எல்லோரும் உள்ளே. திருவள்ளூரிலிருந்து எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். செங்குன்றத்திலிருந்து அரை மணிகூடக் கிடைக்காது.

"டெய்லி நிறுத்தினா தொழில் என்னாவறது?" என்றார். டெய்லி நிறுத்தப் போவதில்லை சார், முதல் கட்டத்தில் வேலை நடக்கும், உயரம் மட்டும்தான் குறையும் என்றேன். வரும் செய்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று மணி நேரத்துக்கு, இரண்டு மாவட்டத்துக்குச் சேர்த்து வருகிற ஒரே செய்தி 'ஆயத்தமாகு' என்று மட்டும்தான் சொல்ல முடியும். 'ஓடு' என்பதை நாம்தான் ராடாரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு ஷிப்டுக்கு ஒரு ஆள் போதும்.

யோசித்தார். "சரி, அந்த ஆள் நீங்களே இருங்க" என்றார். சம்பளம் பற்றிப் பேச்சு இல்லை.

மே 28

கத்திரி இன்றோடு முடிகிறது. வெயிலுக்கு யாராவது அதைச் சொல்ல வேண்டும்.

அக்கா மகனின் கப்பல் ஹூஸ்டனை விட்டுக் கிளம்பிவிட்டது. போவதற்குள் இன்னொரு வாட்ச் பார்த்துவிட்டானாம். அக்கா இப்போது தினமும், "இன்னிக்கு வாச்சா, வார்னிங்கா?" என்று என்னைக் கேட்கிறாள். நேற்று முதல் கட்டம் போட்டோம். மேகம் புழலோடு திரும்பிவிட்டது. டாப் லிஃப்டர் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பெட்டிகளைத் திரும்ப மேலே ஏற்றும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

லாஷிங் பெல்ட் வந்துவிட்டது. கேட்டது ஐம்பது, வந்தது இருபது. மீதி அடுத்த பில்லில் என்கிறார் கணக்குப்பிள்ளை. மேற்கு ஓர வரிசைக்கு இது போதும். கட்ட ஆரம்பித்துவிட்டோம்.