காந்தத்தைக் கழற்றிய பிறகு

ஜனவரி 18, சனி. கும்பகோணம்

அக்கா மகன் மாடி அறையில் ஸ்காலெக்ஸ்ட்ரிக் டிராக்கை விரித்துவிட்டான். 1957-இல் இங்கிலாந்தில் கடைக்கு வந்த விளையாட்டு. மூக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான கைடை டிராக்கின் பள்ளத்துக்குள் இறக்கி, 12 வோல்ட்டில் ஓடும், நிஜக் காரில் 1/32 அளவுக் கார்கள். இன்று காரின் அடிக் காந்தத்தைக் கழற்றச் சொன்னேன். டிராக்கில் பதித்த இரும்புப் பட்டையை அது பிடித்து இழுப்பதால், டயர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கார் வளைவில் ஒட்டிக்கொண்டே போகும். கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. நேர்ப்பாதையிலேயே பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. முதல் வளைவில் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"மாமா, காந்தத்தையே மாட்டிடலாம்."

முடியாது என்றேன். காந்தம் இருக்கிறவரைக்கும் ஓட்டுவது அவன் இல்லை, காந்தம்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுக்க டயர்தான். வேறு எதையும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எடையை மாற்றி, திருகை மாற்றி, டயரையும் மாற்றினால் எதனால் சரியானது என்று யாருக்குத் தெரியும்?

மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று. பல்சக்கரம் 9-க்கு 27 என்றால் அச்சு 6,000 சுற்று, அதாவது நொடிக்கு 100. ரப்பரில் தலைமுடி கனத்துக்கு ஒரு மேடு இருந்தாலும் நொடிக்கு நூறு தடவை காரைத் தூக்கிப் போடும். குதிக்காமல் என்ன செய்யும்?

அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தோம், கோணல் இல்லை. டயரை ரிம்மில் இருந்து உரித்து, ஃபெவிகுவிக் தொட்டு ஒட்டினோம். ஒட்டாவிட்டால் தேய்க்கும்போது ரப்பர் ரிம் மேல் நழுவும், வேகத்தில் உப்பும். காய்ந்ததும் டயர் முழுக்க வெள்ளை மார்க்கரால் பூசினான். டிராக்கின் குறுக்கே 240 நம்பர் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) ஒட்டி, பின்சக்கரம் அதன் மேல் நிற்கும்படி காரைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டும் கைப்பிடி ட்ரிகரை மெல்ல அழுத்தச் சொன்னேன். முதலில் ஒரு பக்கத்து மை மட்டும் போனது. எதிர்ப்பக்கம் பளிச்சென்று வெள்ளை. சைக்கிள் கடையில் சாக்பீஸை ரிம் ஓரம் நீட்டிக் கோட்டம் பார்ப்பார்களே, அதே கணக்கு. மை தேய்ந்த இடம் மேடு, மிஞ்சிய இடம் பள்ளம். மை முழுக்கப் போகும்வரை தேய்த்தோம். அப்புறம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னும் நைசான 400, கடைசியாக 600. மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது. நடுநடுவே ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் சூடேறிப் பிசுபிசுக்கும். வெளி ஓரத்தை லேசாக உருட்டிவிட்டோம்; கூரான ஓரம் வளைவில் குத்திக்கொண்டு காரைக் கவிழ்க்கும்.

மாடி முழுக்க ரப்பர் வாடை. அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 22, புதன்

நேர்ப்பாதையில் குதிப்பது நின்றுவிட்டது. ஆனால் நேற்று இருந்த பிடிப்பு இன்று இல்லை. ஊரைச் சுற்றிச் சம்பா அறுவடை, மிஷின் கிளப்பும் தூசு டிராக் மேலெல்லாம் படிகிறது. செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தில் டயரை உருட்டியதும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்தது. டிராக்கையும் ஈரத் துணியால் துடைத்தாயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

முன்சக்கரம். அதற்கு இங்கே பெரிய வேலை இல்லை, திருப்புவது கைடுதான். ஆனால் முன்டயர் உயரமாக இருந்தால் கைடு பள்ளத்துக்குள் முழுக்க இறங்காது. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துத் தேய்த்தோம், தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்கு. அது வழுக்கத்தான் வேண்டும், அதனால் மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ். அக்காவுடையது. இந்தத் தடவை கேட்டாள்.

பாடித் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினோம். பாடி கொஞ்சம் ஆடினால் அதிர்வு சேசிஸுக்கு அப்படியே போகாது. எனக்குப் பிடித்த திருத்தம் இதுதான்: காசு இல்லை, நொடியில் முடிகிறது, வளைவில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

பிப்ரவரி 1, சனி

வளைவில் இருந்து வெளியே வரும்போது ட்ரிகரை முழுக்க அழுத்தினால் மூக்கு தூக்கிக் கைடு வெளியே வருகிறது. மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, கைடுக்குப் பின்னால் ஒட்டினோம். மூன்று கிராம் இருக்கும். எடை எப்போதும் தாழ்வாக இருக்க வேண்டும். ஐந்து கிராம் வைத்தும் பார்த்தான். மூக்கு அடங்கியது, பிரேக் பிடிப்பது மந்தமானது. மூன்றே போதும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், இரண்டு தடவை.

இப்போது பின்பக்கம் லேசாக வழுக்கி, தானே நேராகிறது. வால் எப்போது கிளம்பும் என்று அவனுக்கே முன்கூட்டித் தெரிகிறது, அதற்கு முன்பே ட்ரிகரை விடுகிறான். காந்தம் மாட்டிய இன்னொரு கார் இன்னும் வேகம்தான். அதை அவன் எடுப்பதில்லை.

அந்தக் காருக்கும் இதையே செய்யலாம் என்கிறான். அதில் இருப்பது சிலிக்கோன் டயர், வாட்டர் பேப்பருக்கு ஒழுங்காகத் தேயாது. ரப்பர் டயர் ஒரு ஜோடி சொல்லிவைத்திருக்கிறேன், வந்ததும் பார்க்கலாம்.