கேரட் பொறி பறக்கவிட்ட மதியம்

எங்கள் அலுவலகத்தில் மதிய இடைவேளை 30 நிமிடம், சாப்பிட வருவோர் 22 பேர், மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றே ஒன்று. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ 80 நொடி கிடைக்கும். அதிலும் நமக்கு முன்னால் நிற்பவர் டப்பாவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சூடாக வேண்டும்" என்று மறுபடியும் உள்ளே தள்ளும் நேரத்தைக் கழித்துவிட்டால், மிச்சமிருப்பது பெருமூச்சு விடுவதற்கான அவகாசம் மட்டுமே. மாதக் கடைசியில் உணவகச் செலவைக் கூட்டிப் பார்த்துத் திடுக்கிட்ட நானும், விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத வீகனாக மூன்று மாதங்களுக்கு முன்பு மாறிய எதிர் இருக்கைத் தம்பியும், மலிவான, விரைவான மதிய உணவு ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இந்த வரிசையில்தான் போய் நின்றோம். நான் பாலும் தயிரும் சாப்பிடும் சைவம்; அவரோ தேனைக்கூடத் தொடாதவர். ஒரு டப்பாவில் செய்தால் அது இருவருக்கும் ஒத்துவர வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

முதலில் சோம்பேறிகளுக்குரிய வழியில் போனோம். உறைய வைத்த ஆயத்த உணவுப் பெட்டிகளை வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். கடையில் அந்தத் தம்பி பெட்டிகளைப் புரட்டிப் படித்த விதத்தைப் பார்த்திருந்தால், சொத்துப் பத்திரத்தில் வில்லங்கம் தேடும் வழக்கறிஞர்கூட வெட்கப்பட்டிருப்பார். முன்பக்கம் இலைப்படம் போட்டுக் காய்கறி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் கடுகளவு எழுத்தில் பால் பொடி இருக்கும். பாலே இல்லாதது என்ற பொருளில் பெயர் வைத்த க்ரீமர் ஒன்றைப் பெருமையோடு நீட்டினேன். "அக்கா, இதில் சோடியம் கேசினேட் இருக்கிறது, அது பாலிலுள்ள புரதத்திலிருந்து எடுப்பது" என்று அவர் திருப்பி வைத்துவிட்டார். பழிக்குப் பழியாக, நான் எனக்கென்று எடுத்த பாலாடைக்கட்டிப் பெட்டியையும் வாங்கிப் பார்த்து, பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம், வெறும் நொதி என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வியையும் போட்டார். நாற்பது ஆண்டுகளாக நிம்மதியாகச் சைவமாக இருந்தவள் நான். அன்றிலிருந்து பூதக்கண்ணாடி இல்லாமல் கடைக்குப் போவதில்லை.

கடைசியில் இருவருக்கும் ஒத்துவந்த ஒரே பெட்டி, விலையில் ஒத்துவரவில்லை. ஒரு பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு வாரத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கு வாங்கலாம். போகட்டும், நேரமாவது மிச்சமாகும் என்று வாங்கி வந்தோம். பெட்டியில் 5 நிமிடம் என்று போட்டிருந்தது. அதன்படி வைத்து எடுத்தோம். ஓரத்தில் இருந்த சாறு எரிமலைக் குழம்பாகக் கொதித்தது; நடுவில் இருந்த பட்டாணிகளோ ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி பனிக்கட்டியாகவே உட்கார்ந்திருந்தன. முதல் வாயில் நாக்கு வெந்தது, இரண்டாம் வாயில் பல் கூசியது.

இதற்கான காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாகப் பொத்தானை மட்டுமே அமுக்கி வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. பெட்டியில் சொன்ன 5 நிமிடம் 1100 வாட் அடுப்புக்கு உரியது. எங்கள் அடுப்பின் கதவோரத் தகட்டில் எழுதியிருப்பதோ 700 வாட். அந்தக் கணக்கில் எங்களுக்கு 8 நிமிடம் வேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி, இந்த அடுப்பு பெரும்பாலும் உணவிலுள்ள நீரைப் பிடித்துத்தான் சூடாக்குகிறது என்பது. அது அனுப்பும் நுண்ணலைகள் ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே போவதற்குள் பெருமளவு வலுவிழந்துவிடும். உறைந்த பனிக்கட்டி, திரவ நீரைவிட மிகக் குறைவாகவே அவற்றை உள்வாங்கும். ஆகவே ஓரத்தில் முதலில் உருகிய துளி நீர்தான் அடுத்தடுத்து வரும் ஆற்றலையெல்லாம் வாங்கிக்கொண்டு கொதிக்கிறது, நடுவிலிருக்கும் பனிக்கட்டிக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. பணம் பணத்தோடு சேரும் என்று பெரியவர்கள் சொன்னது பட்டாணிக்கும் பொருந்தும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, மறுபடியும் வைப்பதே தீர்வு. ஆனால் பின்னால் நிற்கும் 20 பேரின் பார்வை முதுகைத் துளைக்கும்போது ஆறவிடுவதற்குத் தனி மன உறுதி வேண்டும்.

அதற்குப் பிறகு நாங்களே செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவின் முதல் நாளில்தான் கேரட் விவகாரம் நடந்தது. கேரட்டைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக நறுக்கி, கைப்பிடியளவு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நீர் விட்டால் சொதசொதவென்று ஆகிவிடும் என்ற அதிபுத்திசாலித்தனத்தால் அப்படியே வைத்துப் பொத்தானை அமுக்கினேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது. உள்ளே சடசடவென்று ஒரு சத்தம். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், இரண்டு கேரட் துண்டுகள் ஒட்டி நிற்கும் இடுக்கில் மஞ்சள் கலந்த நீலப் பொறி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அது அணைய, பக்கத்து இடுக்கில் இன்னொன்று பற்றியது. "அக்கா, கரண்டியை உள்ளேயே விட்டுவிட்டீர்களா?" என்று தம்பி கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒருவர் சுவரிலிருந்த தீயணைப்பானை நோக்கி நடக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன்; நடையில் ஓர் ஆவலும் தெரிந்தது.

கதவைத் திறந்து கிண்ணத்தைத் தலைகீழாகக் கொட்டித் தேடியும் கரண்டியோ கம்பியோ கிடைக்கவில்லை. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஊசியால் சுட்டதுபோல் கரும்புள்ளி மட்டும் இருந்தது. கருகிய சர்க்கரையின் வாசனை வந்தது. கேரட், பீன்ஸ், பட்டாணி போன்றவற்றைச் சிறிதளவாகவும் நீரில்லாமலும் வைத்தால், அவற்றிலுள்ள தாது உப்புகளாலும், நறுக்கிய முனைகளுக்கிடையில் மின்புலம் குவிவதாலும் இப்படிப் பொறி பறப்பது உண்டாம். இரண்டு தேக்கரண்டி நீர் தெளித்து, ஆவி போக இடம் விட்டு மூடி வைத்தால் அடுத்த நாள் அதே கேரட் சாதுவாக மூன்று நிமிடத்தில் வெந்தது. ஆனால் ஊரார் வாயை மூட எந்த மூடியும் இல்லை. அந்த வாரம் முழுவதும் நான் டப்பாவோடு எழுந்தாலே யாராவது ஒருவர் அவசர வழி எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்.

உருளைக்கிழங்குக்கு வந்தபோது நாங்கள் ஓரளவு தேறியிருந்தோம் என்றாலும் முழுமையாகத் தேறவில்லை. தோலோடு வைக்கும் கிழங்கை முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உருவாகும் ஆவிக்குப் போக்கிடம் இருக்காது. குத்தும் பொறுப்பை நான் அவரிடம் விட்டேன், அவர் என்னிடம் விட்டார். ஆறாவது நிமிடத்தில் கேட்ட சத்தத்துக்கு இம்முறை யாரும் பின்வாங்கக்கூட இல்லை, பழகிவிட்டார்கள். அடுப்பின் உட்கூரையிலிருந்து மாவைச் சுரண்டியபோது எனக்கு ஒரே ஆறுதல் இந்த இயந்திரத்தின் வரலாறுதான். 1945இல் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவியில் நுண்ணலைகளை உருவாக்கும் மேக்னட்ரான் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியதிலிருந்து தொடங்கும் கதை இது. அடுத்துச் சோளப்பொரி பொரிந்ததாகவும், பிறகு வைத்த முட்டை வெடித்ததாகவும் சொல்வார்கள். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரமும் ஏறத்தாழ 340 கிலோ எடையும் கொண்டது. அதற்குள் கிழங்கு வெடித்திருந்தால் யார் சுரண்டியிருப்பார்கள் என்று யோசித்தபடி என் பங்கைச் சுரண்டி முடித்தேன்.

குத்திய கிழங்கு அருமையாகவே வெந்தது. யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல ஆயத்த உணவுப் பெட்டி உலகத்தில் இல்லை: வேகத் தேவையான நீர் உள்ளேயே இருக்கிறது, தோலே மூடி, பின்பக்கம் படிக்க வேண்டிய கடுகளவு எழுத்தும் கிடையாது. சிக்கல் நேரத்தில்தான். ஒரு நடுத்தரக் கிழங்குக்கு எங்கள் அடுப்பில் 7 அல்லது 8 நிமிடம் பிடித்தது. இரண்டு வைத்தால் அதே ஆற்றலை அவை பங்கு போட்டுக்கொள்வதால் ஏறத்தாழ இருமடங்கு. ஒரு கிழங்குக்காக ஐந்தாறு பேரின் பங்கை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆகவே இரவே வீட்டில் வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அலுவலகத்தில் இரண்டு நிமிடம் சூடாக்குவதோடு நிறுத்திக்கொண்டோம். அதைப் பிளந்து, டின்னிலிருந்து கழுவி எடுத்த கொண்டைக்கடலை, பொடியாக நறுக்கிய தக்காளி, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு என்று கலந்தால், இருவருக்கும் ஒத்துவரும் சாப்பாடு ஆயிற்று. சலித்துப்போகும் நாளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அதுவும் சலித்தால் சோறும் பருப்பும். சோற்றை மட்டும் ஆக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். வெளியே கிடக்கும் சோற்றில் பெருகும் ஒருவகைப் பாக்டீரியா விடும் நச்சு, மறுநாள் சூடாக்கினாலும் அழியாது. குளிர்பெட்டியில் கிடந்து உலர்ந்த சோற்றின்மேல் ஒரு கரண்டி நீர் தெளித்து மூடி வைத்தால் புதிதாக வடித்ததுபோல் உதிர்ந்து வரும்.

நடுவில் தம்பி ஒருநாள், உலர்ந்த சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்துக் கொண்டுவந்து அலுவலகத்திலேயே வேகவைக்கப் பார்த்தார். நன்றாகக் கொதிக்கும் நீரில் குறைந்தது 10 நிமிடம் வேகாத ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தியில் கொண்டுபோய் விடும் என்பதை நான் சொல்லித் தடுத்தேன். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது என்பதால் கவலையில்லை. கேசினேட்டுக்கு ஒரு பதிலடி கொடுத்த திருப்தி எனக்கு.

டப்பா விஷயத்திலும் ஒரு பாடுபட்டோம். மலிவாகக் கிடைத்தது என்று நீளமான செவ்வகக் கண்ணாடி டப்பா ஒன்றை வாங்கினேன். அது சுழல் தட்டில் கால் சுற்று சுற்றி, பக்கச் சுவரில் இடித்து, கட்டாயத்துக்குச் சந்தைக்கு வந்த மாடுபோல் அங்கேயே நின்று முனகியது. அலைகள் உள்ளே மோதித் திரும்புவதில் சில இடம் சூடாகவும் சில இடம் குளிராகவும் அமைவதால்தான் தட்டைச் சுழல வைத்திருக்கிறார்கள். சுழலாவிட்டால் ஒரு மூலை பொசுங்கும், மறு மூலை சில்லிடும். இப்போது வட்ட டப்பாதான். சோற்றை நடுவில் குழி பறித்து வளையம்போல் பரப்பி வைக்கிறேன், ஒன்றரை நிமிடத்தில் சீராகச் சூடேறிவிடுகிறது.

வரிசையில் எங்கள் மதிப்பும் மெல்ல உயர்ந்திருக்கிறது. போன வாரம் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், பக்கத்தில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கிழங்கை எத்தனை இடத்தில் குத்த வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார். நிர்வாகம் மட்டும் இன்னும் பழசை மறக்கவில்லை. உலோகப் பாத்திரம், அலுமினியத் தாள், கேரட் ஆகியவற்றை உள்ளே வைக்கக் கூடாது என்று அச்சடித்த அறிவிப்பு ஒன்று அடுப்பின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் கேரட் என்ற சொல்லுக்கு முன்னால் கூம்புக்குறி ஒன்றைப் போட்டு, பென்சிலால் பொடி எழுத்தில் ‘நீர் தெளிக்காத’ என்று சேர்த்திருப்பவர் அந்தத் தம்பிதான்.