கடைசி ரத்தப் பரிசோதனைக்குப் பணம்

2020 ஊரடங்கில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை வந்தபோது வீட்டிலிருந்தே இலவசமாக டாக்டரிடம் பேச முடிந்தது. பெரிய உதவி அது. அதைப் பார்த்துதான் எங்கள் ஆய்வுப் பிரிவுக்கும் ஆசை வந்தது. வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு உண்மையில் உடம்பு தேறுகிறதா என்று பார்க்க நிதி கேட்டோம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இ-சஞ்சீவனியை அல்ல, வேறொரு சிறிய வீடியோ சேவையை.

ஹெச்பிஏ1சி சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். ஆரம்பத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருட முடிவில் ஒன்று என்று கேட்டிருந்தோம். நிதி வந்தபோது கடைசிச் சோதனையும் அதற்கான பயணப்படியும் வெட்டுப்பட்டிருந்தன. டேப்லெட் கணினி வாங்கும் பணத்தில் யாரும் கை வைக்கவில்லை.

ஆறாம் மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "டாக்டர் நல்லாத்தான் பேசினாரு தம்பி. சீட்டு பையன் போன்ல இருக்கு, அவன் திருப்பூர்ல இருக்கான்" என்றார் அந்த அம்மா. பழைய மாத்திரை அட்டையை முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினார். தீர்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு மாத்திரையையும் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பதிவில் அவர் பெயருக்கு நேரே 'ஆலோசனை முடிந்தது' என்று இருந்தது.

கடைசி வரை அளந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் இதய செயலிழப்பு நோயாளிகள் 1,653 பேரை வைத்து நடந்த டெலி-ஹெச்எஃப் ஆய்வு 2010-இல் வெளியானது. தினமும் தானியங்கி போன் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் ஏற்பாடு. ஆறு மாதத்தில் மரணத்திலும் சரி, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதிலும் சரி, வித்தியாசமே இல்லை. ஜெர்மனியில் 2018-இல் வெளியான டிம்-ஹெச்எஃப்2 ஆய்வில் இதே நோயுள்ள 1,571 பேர். அங்கே நோயாளியின் எடையையும் ஈசிஜியையும் டாக்டர்களும் நர்ஸ்களும் இரவு பகலாகக் கவனித்தார்கள். மரணம் குறைந்தது. இரண்டுக்கும் அரசுப் பணம். பலன் இல்லை என்ற விடையும் அந்தப் பணத்தில்தான் கிடைத்தது, அதுவும் நோயாளிகளுக்குத் தேவையான விடைதான். அழைப்புகளை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது.

அந்த அம்மாவின் மருந்துச்சீட்டை மகனிடம் கேட்டு வாங்கி, அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் முழு மாத்திரை போட்டாரா, சர்க்கரை இறங்கியதா என்று பார்க்கத்தான் வருட முடிவுச் சோதனை. அதற்கான கட்டம் எங்கள் அறிக்கையில் காலியாகவே போனது.