எஃப்407 போர்டில் ஈதர்நெட்: லிங்க் லைட்டிலிருந்து பிங் வரை

எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே ஈதர்நெட் மேக் (டேட்டாவை ஃபிரேம்களாக அனுப்பி வாங்கும் பகுதி) இருக்கிறது. ஆனால் கேபிளோடு பேச, அதன் மின் சிக்னலைக் கையாளும் ஒரு ஃபை சிப் வெளியே வேண்டும். நான் எடுத்தது லேன்8720 மாட்யூல். மேக், ஃபை இரண்டுக்கும் நடுவே ஆர்எம்ஐஐ என்ற இணைப்பு: போக 2 டேட்டா ஒயர், வர 2, எல்லாவற்றுக்கும் பொதுவாக 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்.

ஜம்பர் ஒயரில் இணைத்துக் கேபிளைச் சொருகியதும் லிங்க் லைட் எரிந்தது. பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அந்த லைட் ஃபைக்கும் எதிர்முனையில் உள்ள ஸ்விட்சுக்கும் இடையே இணைப்பு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ப்ராசஸரில் ஒரு வரி கோடு ஓடாவிட்டாலும் எரியும்.

புரோகிராமை ஓட்டினால், மேக்கை ரீசெட் செய்யும் இடத்திலேயே நின்றுவிட்டது. ரீசெட் பிட் 1-லிருந்து இறங்கவே இல்லை. கிளாக் வந்தால்தான் அது 0 ஆகும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மாட்யூலில் கிளாக் வரும் பின்னில் இண்டரப்ட் பெயரும் சேர்ந்து அச்சாகியிருக்கிறது. இண்டரப்ட் இப்போதைக்கு எதற்கு என்று அதை இணைக்காமல் விட்டிருந்தேன். அதை எஃப்407-இன் பிஏ1 பின்னுக்குக் கொண்டுபோனதும் பிட் இறங்கியது.

அடுத்து ஃபையின் ஐடியைப் படித்தால் எல்லா பிட்டும் 1. யாரும் பதில் சொல்லாதபோது, ஃபையிடம் இப்படிக் கேட்கும் எம்டிஐஓ லைன் புல்-அப் ரெசிஸ்டரால் 1-லேயே நிற்கும், அதுதான் காரணம். ஃபையின் முகவரி 0 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். 1-இல் பதில் வந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் போர்டு அனுப்பும் ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் செய்தி) எப்போதாவது ஒன்று தெரியும், 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங்குக்குப் பதில் கிடையாது. சிஆர்சி பிழையோடு (சரிபார்ப்பு எண் பொருந்தாமல்) வந்த ஃபிரேம்களை எண்ண மேக்குக்குள் ஒரு கவுண்டர் உண்டு. டீபக்கரில் அதைத் திறந்து வைத்தேன். 14, 31, 58... பார்க்கப் பார்க்க ஏறியது. சரி, வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று ஃபை, மேக் இரண்டையும் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். கிளாக் அதே 50தான், ஆனால் ஒவ்வொரு டேட்டாவும் 10 கிளாக் நேரம் அசையாமல் நிற்கும். கவுண்டர் நின்றது. பிங் வந்தது! கோடில் தப்பில்லை, ஒயரில்தான்.

50 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 நானோ செகண்ட்தான். 20 செ.மீ. ஜம்பர் அதற்கு ஆகாது. எல்லாவற்றையும் 5 செ.மீ. அளவுக்கு வெட்டி நேரடியாகச் சால்டர் வைத்தேன். கிளாக் ஒயரோடு ஒரு கிரவுண்ட் ஒயரைச் சேர்த்து முறுக்கினேன். பழைய 100 எம்பிபிஎஸ்ஸுக்குத் திரும்பியும் பிங் நிற்கவில்லை.

இடையில் மெமரியை மிச்சம் பிடிக்கலாம் என்று வரும் ஃபிரேம்களை வைக்கும் ரிசீவ் பஃபரை, சிப்பின் மெமரியில் தனியாக உள்ள 64 கேபி சிசிஎம் பகுதிக்கு மாற்றியதில் அரை நாள் வீண். ப்ராசஸர் உதவியில்லாமல் டேட்டாவை மெமரிக்கு நகர்த்தும் ஈதர்நெட் டிஎம்ஏவால் அந்தப் பகுதியைத் தொடவே முடியாது.

நேற்று ராத்திரி பிங்கை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பல்கூடத் துலக்காமல் வந்து டீபக்கரைப் பார்த்தேன். சிஆர்சி கவுண்டர் 0. இனி மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தை யுடிபி பாக்கெட்டுகளாக நெட்வொர்க்கில் கீழே அனுப்பும் வேலை. சென்சார் மேஜையில் தயாராக இருக்கிறது.