பேச்சு வானொலிக்கு ஒரு செயலி: இதுவரை நடந்த வேலை

பொது ஒலிபரப்பு நிலையங்களைக் கேட்பதற்கென்றே ஆண்ட்ராய்டில் ஒரு சின்னச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். வானொலிச் செயலிகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் நான் பயன்படுத்திப் பார்த்தவை பெரும்பாலும் பாட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பொது வானொலியில் எனக்குப் பிடித்தது பேச்சு: செய்தி, உரையாடல், நாடகம், பேட்டி. பாட்டில் இரண்டு விநாடி விட்டுப்போனால் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். செய்தியில் போனால் எந்த ஊர், எத்தனை பேர் என்பதே போய்விடும். வாக்கியத்தின் முடிவு போய்விட்டால் நடந்ததா நடக்கவில்லையா என்றுகூடத் தெரியாது. அதனால் இந்தச் செயலிக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். போன் அழைப்பு வந்தாலும் சரி, வைஃபையை விட்டு வெளியே போனாலும் சரி, கேட்பவருக்கு ஒரு வாக்கியமும் தவறக் கூடாது.

அடித்தளம் சுலபமாகவே அமைந்தது. நிரல் மொழி கோட்லின், ஒலியை ஓட்ட மீடியா3 என்ற நூலகத்தில் இருக்கும் எக்ஸோபிளேயர். எம்பி3, ஏஏசி என்ற ஒலி வடிவங்கள், ஒலியைத் துண்டு துண்டாகத் தரும் எச்எல்எஸ் முறை எல்லாவற்றையும் அது ஓட்டும். அதை மீடியாசெஷன்சர்வீஸ் என்ற பின்னணிச் சேவைக்குள் வைத்துவிட்டால் லாக் ஸ்கிரீன் பொத்தான்களும் புளூடூத் ஹெட்போனின் பொத்தானும் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காக வைத்து எழுதினால், அந்த சர்வீஸ் 'மீடியாபிளேபேக்' வகை என்று மேனிஃபெஸ்டில் (செயலியின் விவரக் கோப்பில்) சொல்லியாக வேண்டும். இவை எல்லாம் ஆவணங்களில் தெளிவாகவே இருக்கின்றன.

நிலையங்களின் முகவரிகளைத் திரட்டுவதுதான் பொறுமை கேட்கிற வேலை. ஒரு நிலையம் தரும் முகவரி நேரடி ஒலியாக இருக்கலாம். பிஎல்எஸ் அல்லது எம்3யூ என்ற பட்டியல் கோப்பாக இருக்கலாம். அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே இன்னொரு முகவரி இருக்கலாம். ரேடியோ பிரவுசர் என்ற திறந்த தரவுத்தளம் இதற்குப் பெரிய உதவி. தன்னார்வலர்கள் சேர்த்த நிலையங்கள், செயலிகள் அவற்றை எடுத்துக்கொள்ள இலவச ஏபிஐ; முகவரி உயிரோடு இருக்கிறதா என்று அதுவே அவ்வப்போது சோதித்தும் வைக்கிறது. அங்கிருந்து எடுத்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, செயலிக்கு வெளியே ஒரு ஜேசன் (எளிய உரை வடிவத் தரவு) கோப்பில் வைத்திருக்கிறேன். முகவரி மாறினால் கோப்பைத் திருத்தினால் போதும், புதுப் பதிப்பு வேண்டாம். இதில் ஒரே சிக்கல், குறியாக்கம் இல்லாத எச்டிடிபி இணைப்புகள். ஆண்ட்ராய்டு 9 முதல் அவை இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. பழைய நிலையங்கள் சில இன்னும் அதில்தான் இருக்கின்றன. முதலில் அதே முகவரியை எச்டிடிபிஎஸ்ஸில் முயன்று பார்க்கிறேன். அதில் வராத டொமைன்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறேன். அந்த விலக்குப் பட்டியல் செயலிக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பதால், அப்படிப்பட்ட நிலையம் புதிதாகச் சேரும்போது மட்டும் பதிப்பும் புதிதாக வர வேண்டியிருக்கிறது.

நிறுத்தினால் என்ன ஆகிறது

செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வருகிறது. மூன்று நிமிடம் பேசிவிட்டு வந்து மீண்டும் ஓட்டினால், பெரும்பாலான செயலிகளில் விட்ட இடத்திலிருந்து சில விநாடி கேட்கும். அப்புறம் ஒரு மௌனம். அப்புறம் வேறு ஏதோ செய்தி. நடுவில் போனது எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று, இணைய வானொலியை அனுப்பும் ஐஸ்காஸ்ட் என்ற சர்வரின் அமைப்பைப் படித்தபோது புரிந்தது. நிறுத்தியதும் பிளேயர் தன் பஃபர் (ஒலியை முன்கூட்டியே வாங்கி வைக்கும் இடம்) நிரம்பும்வரை படிக்கிறது, பிறகு படிப்பதை விட்டுவிடுகிறது. பைட்டுகள் வரும் டிசிபி இணைப்பு அடைத்துக்கொள்கிறது. அனுப்ப முடியாத பைட்டுகள் சர்வர் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. ஐஸ்காஸ்டில் அந்த வரிசையின் இயல்பான அளவு 5,24,288 பைட். 64 கிலோபிட் ஒலிக்கு அது சுமார் 65 விநாடி, 128 கிலோபிட்டுக்கு சுமார் 33 விநாடி. அதற்கு மேல் பின்தங்கினால் சர்வர் நம்மைத் துண்டித்துவிடும். ஆகவே பிளேயரின் பஃபரை எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரச்சினையைத் தள்ளிப்போடத்தான் முடியும்.

நான் செய்தது, படிப்பதையும் ஓட்டுவதையும் பிரித்ததுதான். ஒரு தனி இழை சர்வரிலிருந்து படித்து ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். எக்ஸோபிளேயருக்கு நானே எழுதிய ஒரு டேட்டாசோர்ஸைக் (தரவை எடுத்துத் தரும் பகுதி) கொடுத்திருக்கிறேன். அது நெட்வொர்க்கைத் தொடாது, அந்தக் கோப்பிலிருந்து மட்டும் படிக்கும். கோப்பு வட்டமாகச் சுற்றும்: 30 நிமிடம் ஆனதும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். 64 கிலோபிட்டில் 30 நிமிடம் என்பது 14.4 மெகாபைட்தான். இன்றைய போனில் அது ஓரிரண்டு புகைப்படங்களுக்கான இடம். எம்பி3-யும் ஏடிடிஎஸ் வடிவ ஏஏசி-யும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் (ஒலியின் மிகச் சிறு துண்டு) தன் தொடக்க அடையாளத்தோடு வருவதால் எந்த இடத்தில் வெட்டினாலும் டிகோடர் அடுத்த ஃபிரேமைக் கண்டுபிடித்துவிடும்.

எக்ஸோபிளேயர் ஓடும்போது மட்டும்தான், போன் தூங்கிவிடாமல் தடுக்கும் வேக்லாக்கைப் பிடித்து வைக்கும். நிறுத்தியிருக்கும்போதும் சர்வரிலிருந்து இறக்கம் தொடர வேண்டுமென்றால் வேக்லாக்கையும், வைஃபைக்கு அதே வேலையைச் செய்யும் வைஃபைலாக்கையும் நாமே பிடித்து, வேலை முடிந்ததும் நாமே விட வேண்டும். டேட்டா செலவையும் யோசிக்க வேண்டியிருந்தது. 64 கிலோபிட் என்பது மணிக்கு 28.8 மெகாபைட். கேட்காத நேரத்திலும் அது ஓடுவது எல்லோருக்கும் ஏற்புடையதாக இருக்காது. எனவே மொபைல் டேட்டாவில் இருந்தால் நிறுத்தியபின் 10 நிமிடத்தில் இறக்கம் நின்றுவிடும். வைஃபையில் முழு 30 நிமிடமும் ஓடும். இரண்டையும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அழைப்பு முடிந்து திரும்பினால் விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்கிறது. திரையில் '4 நிமிடம் பின்னால்' என்று காட்டுகிறது, பக்கத்தில் 'நேரலை' பொத்தான். நேரலைக்குத் தாவ மனமில்லாதவர்களுக்காக வேகத்தைச் சற்றுக் கூட்டும் வசதியும் வைத்தேன். எக்ஸோபிளேயர் குரலின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் ஏற்றும். 1.1 மடங்கில் நான்கு நிமிடப் பின்தங்கலைப் பிடிக்க 40 நிமிடம் ஆகும், 1.25 மடங்கில் 16 நிமிடம். செய்திக்கு 1.25 பரவாயில்லை. நாடகத்துக்கு 1.1-ஏ எனக்கு அதிகம். மௌனங்களைத் தானாகத் தாண்டும் வசதியும் எக்ஸோபிளேயரில் உண்டு. அதைச் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். நல்ல பேட்டியில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே வரும் தயக்கமும் பேச்சின் பகுதிதான். அதை வெட்டினால் பேசியவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

எச்எல்எஸ் நிலையங்களில் கதை வேறு. அங்கே ஒலி துண்டு துண்டாகக் கோப்புகளில் கிடக்கிறது. சில நிலையங்கள் பல மணி நேரத் துண்டுகளைச் சர்வரிலேயே வைத்திருக்கின்றன. அவற்றில் நிறுத்துவதும் பின்னால் போவதும் தானாகவே வந்துவிடும். குறுகிய நேரத் துண்டுகளே வைத்திருக்கும் நிலையங்களுக்கு, நிறுத்திய நேரத்திலும் துண்டுகளை இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

வைஃபையிலிருந்து வெளியே

எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த பகுதி இது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது பழைய இணைப்பு செத்துவிடும், ஆனால் படிக்கும் இழைக்கு அது உடனே தெரியாது. எக்ஸோபிளேயரின் இயல்பான டைம்அவுட் எட்டு விநாடி. அதுவரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அதற்குப் பதில், இயல்பு நெட்வொர்க் மாறினால் அறிவிக்கும்படி ஆண்ட்ராய்டின் கனெக்டிவிட்டி மேனேஜரிடம் பதிந்துவைத்தேன். அறிவிப்பு வந்த கணமே புது இணைப்பு திறக்கப்படும்.

புது இணைப்புக்கு ஐஸ்காஸ்ட் முதலில் கொஞ்சம் பழைய ஒலியை மொத்தமாகத் தள்ளிவிடும். கேட்பவருக்குச் சீக்கிரம் ஒலி கிடைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இயல்பான அளவு 65,535 பைட். 64 கிலோபிட்டில் சுமார் எட்டு விநாடி. மாறுவதற்கு மூன்று நான்கு விநாடி ஆனாலும், நாம் கடைசியாகப் பெற்ற ஃபிரேம் இந்த எட்டு விநாடிக்குள் எங்கோ இருந்தாக வேண்டும். ஒரே ஸ்ட்ரீமைக் கேட்கும் எல்லோருக்கும் போவது ஒரே பைட்டுகள். ஆகவே ஒலியைக் கேட்டு ஒப்பிட வேண்டியதில்லை, பைட்டுகளை ஒப்பிட்டாலே போதும். பழைய இணைப்பின் கடைசி ஃபிரேம்களைப் புது இணைப்பின் தொடக்கத்தில் தேடி, பொருந்திய இடத்துக்கு அடுத்த ஃபிரேமிலிருந்து கோப்பில் எழுதுகிறேன்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். ஸ்ட்ரீமுக்கு நடுவில் நிகழ்ச்சித் தலைப்பு வரும் ஐசிஒய் தகவலை முதலில் நீக்கிவிட வேண்டும். அந்தத் தகவல் எத்தனை பைட்டுக்கு ஒரு முறை வரும் என்ற கணக்கு ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதால், இரண்டு இணைப்புகளில் அது வெவ்வேறு இடங்களில் விழும்; நீக்காமல் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. அடுத்தது மௌனம். முழு அமைதியான நொடிகளில் அடுத்தடுத்த ஃபிரேம்கள் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒரு ஃபிரேமை மட்டும் நம்பினால் தவறான இடத்தில் ஒட்டிவிடும். எனவே தொடர்ந்து பல ஃபிரேம்கள் பொருந்தினால்தான் ஏற்கிறேன், அவற்றில் சில ஒன்றுக்கொன்று வேறுபட்டும் இருக்க வேண்டும்.

இது வேலை செய்ததை முதலில் கேட்டபோது, இணைப்பு மாறியதே தெரியவில்லை. செயலி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் மாறியதை உறுதி செய்தேன். இதிலிருந்து இன்னொரு முடிவும் வந்தது. ஒரு நிலையம் இரண்டு தரங்களில் ஒலிபரப்பினால் மொபைல் டேட்டாவில் 64 கிலோபிட்டையே இயல்பாக வைத்திருக்கிறேன். பேச்சுக்கு அது தாராளம். அதோடு அதே 65,535 பைட் 128 கிலோபிட்டில் நான்கு விநாடிக்குத்தான் வரும், ஒட்டுவதற்கான இடம் பாதியாகிவிடும்.

ஒலிக்குக் குறுக்கே வருபவை

வழிகாட்டிச் செயலி 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்று சொல்லும் நேரத்தில் ஆண்ட்ராய்டு மற்ற ஒலிகளைத் தாழ்த்தும். பாட்டுக்கு அது சரி. இரண்டு பேச்சு ஒன்றின் மேல் ஒன்று கேட்டால் இரண்டும் புரியாது. எக்ஸோபிளேயரிடம் உள்ளடக்கம் பேச்சு வகை என்று சொல்லிவிட்டால், தாழ்த்துவதற்குப் பதிலாக நிறுத்திவிட்டுப் பிறகு தொடரும். ஒரே வரி மாற்றம். படிப்பும் ஓட்டமும் ஏற்கெனவே பிரிந்திருப்பதால் வழிகாட்டி பேசிய அந்தச் சில விநாடியும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

தலைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. ஐசிஒய் தகவலுக்கு எழுத்துக் குறியாக்கம் எது என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. எக்ஸோபிளேயர் முதலில் யூடிஎஃப்-8 ஆகப் படித்துப் பார்க்கிறது, முடியாவிட்டால் லத்தீன்-1 ஆக. தமிழ்த் தலைப்புகள் யூடிஎஃப்-8-இல் வந்தால் ஒழுங்காகவே தெரிகின்றன. தலைப்பையே அனுப்பாத நிலையங்களுக்கு அவற்றின் நிகழ்ச்சி நிரலைக் காட்டுகிறேன். ஆனால் அங்கே தாமதத்தைக் கழிக்க வேண்டும். எச்எல்எஸ் விதிப்படி பிளேயர் பட்டியலின் முடிவிலிருந்து குறைந்தது மூன்று துண்டுகள் பின்னால்தான் தொடங்க வேண்டும். துண்டு ஆறு விநாடி என்றால் அதுவே 18 விநாடி. பிபிசி 1924 முதல் ஒலிபரப்பிவரும், நேரத்தைத் துல்லியமாகக் காட்டும் 'பிப்' ஒலிகளை இணையத்தில் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்ய முடியாமல் போனது இதனால்தான்.

பார்வைக் குறையுள்ள ஒருவர் ஆரம்பத்திலிருந்தே இதைப் பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார். வானொலியை அவரளவுக்குக் கவனித்துக் கேட்பவர்கள் குறைவு. அவர் சொன்ன பிறகுதான் சிலவற்றின் தேவை தெரிந்தது. '4 நிமிடம் பின்னால்' என்ற எழுத்து நொடிக்கு நொடி மாறியபோது ஆண்ட்ராய்டின் திரை வாசிப்பானான டாக்பேக் அதைத் திரும்பத் திரும்ப வாசித்து நிகழ்ச்சியை மறைத்தது. இப்போது திரை மாறினாலும் டாக்பேக்குக்கு எதுவும் தானாகப் போவதில்லை, அவர் தொட்டுக் கேட்டால் மட்டும் சொல்லும். தலைப்பு மாறுவதும் அப்படித்தான். பொத்தான்களின் அளவைக் கூகுள் பரிந்துரைக்கும் 48 டிபி-யைவிட நன்றாகவே பெரிதாக்கி, நிறுத்து பொத்தானைத் திரையின் கீழ்ப்பாதி முழுவதுமாக விரித்துவிட்டேன். தடவித் தேட வேண்டாம், எங்கே தொட்டாலும் நிற்கும். மற்றவர்களும் இதையே விரும்புகிறார்கள்.

தூங்கும்போது ஒலி தானே நிற்பதற்கான நேரக் கணக்கில் நிமிடங்களோடு 'இந்த நிகழ்ச்சி முடியும்வரை' என்ற தேர்வையும் சேர்த்திருக்கிறேன். நிரலில் உள்ள முடிவு நேரத்தோடு, அப்போது எவ்வளவு பின்தங்கிக் கேட்கிறோமோ அதையும் கூட்டிக்கொள்கிறது.

தீராமல் இருப்பது ஒன்று. சில நிலையங்கள் ஒவ்வொரு புது இணைப்பின் தொடக்கத்திலும் ஒரு வரவேற்பு அறிவிப்பை ஓட்டுகின்றன. அப்போது புது இணைப்பின் முதல் பைட்டுகள் நேரலையின் பைட்டுகளே அல்ல. ஒட்டும் இடம் கிடைக்காமல் அறிவிப்பு நிகழ்ச்சிக்கு நடுவில் வந்து விழுகிறது. ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்பும் எத்தனை ஃபிரேம் நீளம் என்று முன்கூட்டியே அளந்து ஜேசன் கோப்பில் வைத்து, அவ்வளவையும் தாண்டித் தேடும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். அறிவிப்பு மாறாத நிலையங்களில் சரியாக வருகிறது. அடிக்கடி மாற்றுபவர்களுக்கு, இரண்டு இணைப்புகளைச் சேர்த்துத் திறந்து எது பொதுவாக வருகிறதோ அதை மட்டும் எடுப்பதைப் பரிசோதிக்க வேண்டும். அது முடிந்ததும் கார் திரைக்கான வேலை. அதற்கு மீடியாசெஷன்சர்வீஸை மீடியாலைப்ரரிசர்வீஸாக மாற்றி, நிலையப் பட்டியலை மரமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.